மின்சாரத்தின் விலையை எவர் செலுத்துகின்றனர்?
வீட்டிற்கும் தொழிலுக்கும் பல நாடுகளில் விதிக்கப்படும் கட்டணங்கள் – ஓர் ஒப்புநோக்கு

மின்சாரம் இன்று நகரத்தாருக்கு மட்டும் உரிய வசதியன்று. கிணற்று நீரை வயலுக்கு ஏற்றுவதும், மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதும், தெருவிளக்கை எரியச் செய்வதும், நெல் அரைக்கும் ஆலையையும் விசைத்தறியையும் இயக்குவதும் மின்சாரமே. ஆகவே அதன் விலையைப் பற்றிய பேச்சு கிராம சபைக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை. அத்தகைய பேச்சுகளில் வெளிநாட்டு உதாரணங்களும் வந்து சேருகின்றன. "ஜெர்மனியில் யூனிட் முப்பத்தாறு ரூபாய்; நமக்கு விலை குறைவே" என்பார் ஒருவர். "அமெரிக்காவில் தொழிற்சாலைக்கு வீட்டிற்கு ஆகும் விலையில் பாதிதான், நம் நாட்டிலோ நேர்மாறு" என்பார் மற்றொருவர். இருவர் கூறுவதும் உண்மையே. ஆயினும், இவ்விரு உண்மைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வருதல் இயலாது. அவற்றிற்குப் பின்னால் உள்ள காரணங்களை அறிந்த பின்னரே ஒப்பீடு பயன் தரும். அக்காரணங்களை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

யூனிட்டும் அதன் விலையும்

ஆயிரம் வாட் சக்தியுள்ள ஒரு சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட் ஆகும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட் செலவாகும். இந்த அளவு உலகெங்கும் ஒன்றே. எந்த நாட்டு யூனிட்டும் நம் யூனிட்டைவிடப் பெரிதுமன்று, சிறிதுமன்று. ஆனால் விலை மட்டும் நாட்டிற்கு நாடு மாறுகிறது. அவ்விலையைப் பிரித்துப் பார்த்தால் நான்கு பகுதிகள் தென்படும்.

முதலாவது, உற்பத்திச் செலவு. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் ஆகிய எரிபொருள்களின் விலையும், அணைகள், அணு உலைகள், காற்றாலைகள், சூரியத் தகடுகள் ஆகியவற்றில் இட்ட முதலும் இதில் அடங்கும். இரண்டாவது, கொண்டு சேர்க்கும் செலவு. உயர் அழுத்தக் கோபுரங்கள், துணை மின்நிலையங்கள், டிரான்ஸ்பார்மர்கள், கம்பங்கள், கம்பிகள், வழியில் ஏற்படும் மின்னிழப்பு, அளவீடு செய்யும் ஊழியர் ஆகிய யாவும் இதில் சேரும். மூன்றாவது, அரசாங்கம் விதிக்கும் வரிகளும் தீர்வைகளும். நான்காவது, ஒரு பிரிவினரிடம் கூடுதலாகப் பெற்று மற்றொரு பிரிவினருக்குக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு. இந்நான்கில் எது ஒரு நாட்டில் ஓங்கி நிற்கிறது என்று கண்டுகொண்டால், அந்நாட்டின் விலைக்கான காரணம் விளங்கிவிடும்.

அமெரிக்கா: மொத்த வியாபாரமும் சில்லறை வியாபாரமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2023-ஆம் ஆண்டில் ஒரு யூனிட்டின் சராசரி விலை வீடுகளுக்கு ஏறக்குறைய 16 சென்ட்; தொழிற்சாலைகளுக்கு ஏறக்குறைய 8 சென்ட். அவ்வாண்டின் நாணய மாற்று விகிதப்படி இவை முறையே 13 ரூபாய்க்குச் சற்று மேலும், 6 ரூபாய் 60 காசு அளவிலும் ஆகும். தொழிலுக்குப் பாதி விலை என்பது பணக்காரருக்குக் காட்டிய சலுகை போலத் தோன்றலாம். ஆனால் இதன் பெரும்பகுதி செலவுக் கணக்கின் விளைவேயாகும்.

நெல் மண்டியில் லாரிக் கணக்கில் மூட்டைகளை எடுப்பவருக்கு ஒரு விலை. கடையில் படிக் கணக்கில் வாங்குபவருக்கு வேறு விலை. மூட்டையைப் பிரிப்பதற்கும், அளப்பதற்கும், தெருத்தெருவாகக் கொண்டு செல்வதற்கும் ஆகும் செலவு சில்லறை விலையில் ஏறுகிறது. மின்சாரமும் அவ்வாறே. பெருந்தொழிற்சாலை உயர் அழுத்தக் கம்பியிலிருந்து நேராக மின்சாரம் பெற்று, தன் சொந்த டிரான்ஸ்பார்மரில் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதற்கு ஓர் இணைப்பு, ஓர் அளவி, ஒரு பட்டியல் போதும். இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதால் மின் நிலையமும் வீணே நிற்பதில்லை. வீடுகளுக்கோ பல மைல் தூரம் தாழ்வழுத்தக் கம்பி இழுக்க வேண்டும். வழியில் இழப்பும் மிகுதி. எல்லா வீடுகளும் மாலையில் ஒரே வேளையில் விளக்கையும் விசிறியையும் போடுவதால், அந்தச் சில மணி நேரத்திற்காகவே கூடுதலான இயந்திரங்களை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியுள்ளது.

அந்நாட்டுக்குள்ளேயே வேற்றுமை பெரிது. கொலம்பியா நதியின் கிராண்ட் கூலி அணை 1941 முதல் நீர்மின்சாரம் தந்துவரும் வாஷிங்டன் மாநிலத்தில் 2023-இல் வீடுகளுக்கு யூனிட் ஏறக்குறைய 11 சென்ட். கப்பலில் வரும் எண்ணெயைப் பெரிதும் நம்பிய ஹவாய்த் தீவுகளில் 40 சென்டுக்கு மேல். "அமெரிக்க விலை" என்ற ஒரே எண், தனக்குள் எவ்வளவு வேற்றுமையை மறைத்து வைத்திருக்கிறது என்பதை இதனால் அறியலாம்.

கிராமத்தார் அறியவேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றிற்கே மின்சாரம் இருந்தது. தூரத்துப் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பது கட்டுபடியாகாது எனத் தனியார் கம்பெனிகள் ஒதுங்கி நின்றன. 1935-இல் அரசாங்கம் கிராம மின்மய நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தி, குறைந்த வட்டிக்குக் கடன் அளித்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கம்பி இழுத்துக்கொண்டனர். 1950-களின் நடுவில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகள் ஒளி பெற்றுவிட்டன. 800-க்கும் மேற்பட்ட அத்தகைய சங்கங்கள் இன்றும் இயங்கி வருகின்றன. செலவு கணக்கு மட்டுமே அளவுகோலாக இருந்திருந்தால் அக்கிராமங்கள் நெடுங்காலம் இருளிலேயே இருந்திருக்கும். ஆகவே, செலவுக்கு ஏற்ற விலை என்பது ஒரு நியாயம். எல்லோருக்கும் மின்சாரம் எட்டவேண்டும் என்பது மற்றொரு நியாயம். எந்த நாட்டின் கட்டணமும் இவ்விரு நியாயங்களுக்கும் இடையே செய்துகொண்ட உடன்பாடேயாகும்.

ஜெர்மனி: வரியும் தீர்வையும் ஏற்றிய விலை

ஜெர்மனியில் 2023-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு யூனிட் ஏறக்குறைய 40 யூரோ சென்ட். அதாவது நம் நாணயத்தில் 36 ரூபாய் அளவில். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக உயர்ந்த விலைகளுள் இஃதொன்று. கட்டணத்தை அரசே கட்டுப்படுத்தி வைத்துள்ள ஹங்கேரியில் வீட்டு விலை 11 சென்ட் அளவில் இருந்தது. ஒரே ஒன்றியத்தில் இருக்கும் இரு நாடுகளுக்கிடையே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்!

ஜெர்மனியின் விலை உயர்வுக்கு எரிபொருள் மட்டும் காரணமன்று. 2000-ஆம் ஆண்டில் அந்நாடு ஒரு சட்டம் இயற்றி, காற்று, சூரிய ஒளி முதலியவற்றிலிருந்து மின்சாரம் எடுப்போருக்கு நீண்ட காலத்திற்கு நிச்சயமான விலையை உறுதி செய்தது. அதற்கான தொகை மின்சாரம் உபயோகிப்போரின் பட்டியலில் ஒரு தனித் தீர்வையாகச் சேர்க்கப்பட்டது. 2020-இல் இத்தீர்வை மட்டும் யூனிட்டுக்கு 6.76 சென்டாக இருந்தது. இரும்பு, அலுமினியம், இரசாயனம் போன்று மின்சாரத்தை மிகுதியாக உபயோகிக்கும் தொழில்கள் வெளிநாட்டுப் போட்டியில் வீழ்ந்துவிடக்கூடாது என்பதற்காக, அவற்றிற்குத் தீர்வையின் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டது. தள்ளுபடியான பாரத்தை வீடுகளும் சிறுதொழில்களும் சுமந்தன. 2022 ஜூலை முதல் தீர்வை நீக்கப்பட்டு, அச்செலவு மத்திய அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்குக்கு மாற்றப்பட்டது. மின் பட்டியலில் ஒரு வரி குறைந்தது. ஆனால் செலவு மறைந்துவிடவில்லை. மின்சாரம் செலுத்துவோரிடமிருந்து வரி செலுத்துவோரிடம் அது இடம் மாறிற்று.

இத்தகைய விலையை நம் விலையோடு நேராக வைத்து ஒப்பிடுதல் சரியாகாது. அந்நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2023-இல் மணிக்கு 12 யூரோ. எட்டு மணி நேரக் கூலிக்கு 240 யூனிட் மின்சாரம் வாங்கலாம். தமிழ்நாட்டில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் ஒரு நாள் கூலி 2023-24-இல் 294 ரூபாய். யூனிட் நாலரை ரூபாய் என்று கொண்டால், அதற்கு 65 யூனிட் கிடைக்கும். நாணயத்தால் அளந்தால் ஜெர்மானியனின் மின்சாரம் எட்டு மடங்கு விலை. உழைப்பால் அளந்தால் அவனுக்கே அது மலிவு. "நமக்கு விலை குறைவு" என்பவர் இதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

நார்வே: நீர் வளம் இருந்தும்

மலையும் அருவியும் நிறைந்த நார்வே நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்து வருகிறது. எரிபொருள் செலவு இல்லாமையால் நெடுங்காலம் அங்கு மின்சாரம் மலிவாகவே இருந்தது. குளிர் நாடாகிய அங்கே வீடுகளைச் சூடாக்கவும் மின்சாரத்தையே உபயோகிப்பர். ஆனால் 2021-இல் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கடலடிக் கம்பிகள் செயலுக்கு வந்தன. அதே காலத்தில் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியது. 2022-இல் உக்ரேன் போரினால் மேலும் உச்சத்தை அடைந்தது. அந்த விலையேற்றம் நார்வேயின் தென் பகுதியையும் தாக்கிற்று. வட பகுதியில் விலை தாழ்ந்தே நின்றது. ஏனெனில், அந்நாடு ஐந்து விலை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2021 டிசம்பர் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே வீடுகளுக்காக ஏற்றது. உள்ளூரில் மலிவாக உற்பத்தியாகும் பொருளும், அயலாருடன் ஒரே சந்தையில் விற்கப்படும்போது, அச்சந்தையின் விலைக்கே செல்லும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். மண்டி விலையை அறிந்த நம் உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

சீனாவும் இந்தியாவும்: வீட்டிற்குக் குறைவு, தொழிலுக்கு மிகுதி

மேலே கூறிய வழக்கத்திற்கு மாறானவை ஆசியாவின் இரு பெரிய நாடுகள். சீனாவில் வீட்டு மின்சாரத்தின் விலையை அரசாங்கம் தாழ்த்தி வைத்துள்ளது. 2012-இல் மூன்று படிநிலைகள் ஏற்படுத்தப்பட்டு, மிகுதியாக உபயோகிப்போர் மிகுதியாகச் செலுத்துமாறு செய்யப்பட்டது. 2021 அக்டோபரில் தொழில், வாணிபப் பிரிவினர் யாவரும் சந்தை விலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். வீடுகளும் வேளாண்மையும் மட்டும் அரசு விலையிலேயே நிறுத்தப்பட்டன.

நம் நாட்டிலும் அடிப்படைக் கருத்து இதுவே. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 மே மாதம் முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. உழவர்களின் பம்புசெட்டுகள் 20 லட்சத்திற்கும் மேற்பட்டவை கட்டணமின்றி இயங்குகின்றன. விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 1000 யூனிட் என்ற சலுகை 2023 முதல் உண்டு. ஒரு கணக்கைப் பார்ப்போம். 2022 செப்டம்பர் கட்டண ஆணைப்படி, இரு மாதங்களில் 200 யூனிட் செலவிடும் வீடு, முதல் நூறு போக, அடுத்த நூறுக்கு யூனிட் இரண்டே கால் ரூபாய் வீதம் 225 ரூபாய் செலுத்திற்று. சராசரி, யூனிட்டுக்கு 1 ரூபாய் 12 காசு. 400 யூனிட் செலவிடும் வீட்டிற்கு 1,125 ரூபாய். சராசரி 2 ரூபாய் 81 காசு.

அதே ஆணைப்படி உயர் அழுத்தத் தொழிற்சாலைக்கு யூனிட் 6 ரூபாய் 75 காசு. அதற்கு மேல், ஒவ்வொரு கிலோ வோல்ட் ஆம்பியர் தேவைக்கும் மாதம் 550 ரூபாய் நிலைக்கட்டணம். இந்த நிலைக்கட்டணத்தின் தன்மையை நன்கு கவனித்தல் வேண்டும். இரவு பகலாக ஓடி, ஒவ்வொரு கிலோ வோல்ட் ஆம்பியருக்கும் மாதம் 500 யூனிட் எடுக்கும் ஆலைக்கு இது யூனிட்டுக்கு 1 ரூபாய் 10 காசு ஆகும். ஒரே ஷிப்டு ஓடி 200 யூனிட் எடுக்கும் ஆலைக்கு 2 ரூபாய் 75 காசு ஆகிவிடும். ஆக, முதல் ஆலைக்கு அடக்க விலை 7 ரூபாய் 85 காசு. இரண்டாவதற்கு 9 ரூபாய் 50 காசு. கட்டண அட்டையில் இரண்டிற்கும் ஒரே விலைதான் அச்சாகியிருக்கும். வேலை குறைந்த காலத்தில் சிறிய ஆலைகள் ஏன் தவிக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

தொழிலிடம் கூடுதலாகப் பெற்று வீட்டிற்கும் வயலுக்கும் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. விலை மிகுந்தால் பெரிய ஆலை தனக்கென்று காற்றாலையோ சூரியத் தகடோ அமைத்துக்கொண்டு விலகிச் செல்லும். விலகும் வசதியற்ற சிறிய ஆலையே பாரம் சுமக்கும். அதனிடம் வேலை செய்வோரோ நம் கிராமங்களிலிருந்து நாள்தோறும் பேருந்து ஏறிச் செல்லும் இளைஞர்களும் பெண்களுமே. இதை எண்ணியே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இத்தகைய பார மாற்றத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. 2006-ஆம் ஆண்டுக் கட்டணக் கொள்கை, எந்தப் பிரிவினரின் கட்டணமும் சராசரி வழங்கல் செலவிலிருந்து 20 சதவிகிதத்திற்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்ற இலக்கை வகுத்தது. சலுகை அளிக்க விரும்பும் மாநில அரசு அதற்குரிய தொகையை முன்னதாகவே செலுத்த வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாகும். சலுகை தருதல் குற்றமன்று; அதற்கான தொகை இன்னாரிடமிருந்து வருகிறது என்பது வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

ஒத்திவைத்த செலவு திரும்பி வரும்

விலையை ஏற்றாமல், எவரிடமும் பெறாமல், செலவை அப்படியே நிறுத்தி வைத்தல் கூடுமா? சில காலம் கூடும். அதன் முடிவை அண்டை நாடாகிய இலங்கையில் காண்கிறோம். அங்கு பல ஆண்டுகள் கட்டணம் உயர்த்தப்படாமல் இருந்தது. 2022-இல் அந்நியச் செலாவணி வறண்டு, எண்ணெயும் நிலக்கரியும் வாங்க வழியின்றி, நாடெங்கும் நெடுநேர மின்வெட்டு நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவிகிதமும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவிகிதமும் உயர்த்தப்பட்டன. முதல் உயர்வின்போது, மாதம் 30 யூனிட்டுக்குக் குறைவாகச் செலவிடும் ஏழைக் குடும்பங்களின் கட்டணம் அந்தச் சராசரியையும் விஞ்சி ஏறிற்று. சிறுகச் சிறுக ஏறியிருக்க வேண்டியது ஒரே நாளில் வந்து விழுந்தது. 2024-இல் கட்டணம் ஓரளவு குறைக்கப்பட்டது. ஆயினும் இடைக்காலத்தில் ஏழை வீடுகள் பட்ட துன்பம் பட்டதே.

பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. பிரான்ஸில் 2022-இல் வீட்டுக் கட்டண உயர்வு 4 சதவிகிதத்திற்குள் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே அந்நாட்டின் பெரிய மின் நிறுவனம், அணு உலைகள் பல பழுதுபட்டு நின்றமையாலும் இக்கட்டுப்பாட்டாலும், 1,790 கோடி யூரோ நஷ்டம் அடைந்தது. 2023-இல் அதன் பங்குகள் முழுவதையும் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. நம் நாட்டிலும் 2015-இல் வகுக்கப்பட்ட உதய் திட்டத்தின் கீழ், மின் வழங்கும் நிறுவனங்களின் கடனில் 75 சதவிகிதத்தை மாநில அரசுகள் ஏற்கும் ஏற்பாடு வந்தது. பட்டியலில் காட்டப்படாத விலை, கடைசியில் பொதுக் கடனாக வந்து நின்றது. பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவ நிலையத்திற்கும் செல்லவேண்டிய பணம் அதன் வட்டிக்குச் செல்லுகிறது.

ஒப்பிடும் முறை

இனி, பிற நாட்டு மின் விலை ஒன்றை எவரேனும் எடுத்துரைத்தால், கீழ்க்கண்ட ஐந்து வினாக்களைக் கேட்டுப் பழகுதல் நலம்.

1. இவ்விலை எந்த ஆண்டிற்குரியது? 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய விலை நெருக்கடிக் கால விலை. அதை வழக்கமான விலையாகக் கொள்ளலாகாது.

2. வரியும் தீர்வையும் சேர்ந்ததா, சேராததா? வீட்டு விலையை வரியோடும், தொழில் விலையை வரியின்றியும் கூறி ஒப்பிடுவோர் உளர்.

3. நிலைக்கட்டணம் இதில் அடங்கியுள்ளதா? யூனிட் விலை மட்டும் முழு விலையாகாது.

4. அந்நாட்டு மக்களின் கூலியோடு பார்க்கையில் அது குறைவா, மிகுதியா?

5. வழங்கும் செலவுக்கும் பெறும் விலைக்கும் வித்தியாசம் இருப்பின், அதை ஈடு செய்வோர் யார்? தொழிற்சாலையா, வரி செலுத்துவோரா, அன்றி நாளைய தலைமுறையா?

இவற்றுள் ஐந்தாவது வினாவே தலையாயது. வீட்டிற்குக் குறைத்தும் தொழிலுக்கு ஏற்றியும் வைக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் வைக்கலாம். இரண்டு வழிகளிலும் செல்லும் நாடுகளைக் கண்டோம். எந்த நாட்டிலும் செலவு காணாமற்போனதைக் காணவில்லை.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்தும் மின்சாரம் வாங்கும் ஓர் உபயோகிப்பாளரே. தெருவிளக்குகளுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் ஆகும் கட்டணம் பொதுப் பணத்திலிருந்தே செல்கிறது. ஆகவே உறுப்பினர்கள் மின் பட்டியலை எழுத்தரிடம் விட்டுவிடாமல் தாமே வாங்கிப் படித்தல் வேண்டும். யூனிட் கட்டணம் எவ்வளவு, நிலைக்கட்டணம் எவ்வளவு, எந்த இணைப்பு உபயோகமின்றியே கட்டணம் ஈட்டி வருகிறது, எந்த மோட்டார் தேவைக்கு மேற்பட்ட சக்தியுள்ளது என்பவற்றை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிராம சபையின் முன் வைப்பது நன்று. உழவர் பெருமக்களும், கட்டணமின்றி வரும் மின்சாரத்திற்கும் விலை உண்டு என்பதையும், அதை அரசு தம் சார்பில் செலுத்துகிறது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தேவையில்லாத வேளையில் மோட்டாரை ஓடவிடுவதால் வீணாவது அப்பொதுப் பணமே; குறைவதோ நிலத்தடி நீர்.

நாளை கட்டணம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், புதிய கட்டண ஆணைக்கு முன்னர் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. அங்கு சென்று வீட்டிற்காகவும் வயலுக்காகவும் மட்டுமன்றி, நம் பிள்ளைகள் வேலை செய்யும் சிறுதொழிலுக்காகவும் பேசத்தக்கவர்கள் பஞ்சாயத்து உறுப்பினர்களே. அங்ஙனம் பேசுவோர் கையில் பிற நாட்டு விலைப்பட்டியல் இருப்பது நன்று. நம் ஊர் மின் பட்டியலும் உடன் இருப்பது இன்னும் நன்று.